அம்மாவின் கடிதத்தில் நான் எழுதிய தேதி

எபிரேய மக்களின் ஆதிகால வரலாற்றுக்கு என்னென்ன ஆதாரங்கள் உண்டு என்று நான் லண்டனில் ஒரு வருடம் படித்தேன். சொன்னால் சிரிப்பார்கள். நானாகத் தேடிப் போனதும் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கம், அப்டன் பார்க்கில் ஒரு துணிக்கடைக்கு மேலே குடியிருந்தோம். கவுன்சில் பெரியவர்களுக்கு நடத்தும் வகுப்பில் ஆங்கிலம் படிக்கலாம் என்று போனேன். அது நிரம்பிவிட்டது. சனிக்கிழமை காலையில் இரண்டு வகுப்புகளில்தான் இடம் இருக்கிறது, ஒன்று கேக்குக்கு ஐசிங் போடுவது, மற்றது இது என்றாள் கவுண்டரில் இருந்த பெண். மன்னாரில் கன்னியர் மடப் பள்ளிக்கூடம் ஒன்றில் எட்டு வருடம் வேதபாடமும் சரித்திரமும் படிப்பித்தவள் நான். எனக்குத் தெரியாத எபிரேயரா என்ற திமிரோடு பெயரைப் பதிந்தேன்.

முதல் நாளே திமிர் இறங்கியது. படிப்பித்தவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. எந்நேரமும் சளி, எந்நேரமும் கையில் கைக்குட்டை. வந்ததும் பலகையில் நாலு கேள்விகளை எழுதினார்: யார் எழுதினார்கள், எப்போது, எங்கே, யார் வாசிப்பதற்காக. இந்த நாலுக்கும் பதில் தெரியாத எழுத்தை உடனே நம்பவும் கூடாது, தூக்கி எறியவும் கூடாது என்றார். வேதப்புத்தகத்தின் முதற்பகுதிகள், அவை சொல்லும் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தி, பல கைகளால் எழுதிச் சேர்க்கப்பட்டவை என்றும் சொன்னார். நான் படிப்பித்த காலத்தில் அவற்றை எழுதியவர் யார் என்ற கேள்விக்குப் பரீட்சையில் ஒரே ஒரு பெயர்தான் சரியான விடை. வேறு பெயர் எழுதிய பிள்ளைகளுக்குச் சிவப்பு மையால் பிழை போட்டிருக்கிறேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தப் பிள்ளைகள் எல்லோரிடமும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அலுமாரிக்கு மேலிருந்த பிஸ்கற் பேணி கண்ணில் பட்டது. அந்தத் தகரப் பேணிக்குள் அம்மாவின் கடிதங்கள் இருந்தன. எண்பதுகளின் நடுவில் கல்யாணம் முடித்து இவருடன் லண்டனுக்கு வந்த நாள் முதல் நான் சேர்த்து வைத்தவை. ஒன்றை எடுத்துப் பார்த்தேன், இன்னொன்றைப் பார்த்தேன். பலகையில் எழுதிய நாலு கேள்விகளில் ஒன்றுக்கும் அவற்றில் பதில் இல்லை.

அதற்குக் காரணம் உண்டு. அந்த நாட்களில் எங்கள் பக்கத்திலிருந்து தபால் ஒழுங்காக வருவதில்லை. கொழும்புக்குப் போகிற யாராவது, பெரும்பாலும் ஒரு கத்தோலிக்கச் சுவாமியோ ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளியோ, கடிதத்தைக் கொண்டுபோய் அங்கே போடுவார்கள். வழியில் எத்தனையோ சோதனைச் சாவடிகள். பிரித்து வாசிப்பார்கள். ஆகையால் கடிதத்தில் பெயர் இருக்காது, ஊர் இருக்காது, தேதி இருக்காது. கொண்டுபோகிறவருக்கும் ஆபத்து வரக்கூடாது, கடிதத்துக்குள் வருகிறவருக்கும் வரக்கூடாது. அம்மா என்னை மூத்தவள் என்று எழுதுவார், என் தம்பியைச் சின்னவன் என்பார். ஆமிக்காரர் வந்தால் ‘அவை வந்தவை’. இயக்கக்காரர் வந்தாலும் ‘அவை வந்தவை’. அவை என்றால் அவர்கள். எந்த அவர்கள் என்று நாங்கள்தான் விளங்கிக்கொள்ள வேண்டும். காலத்தைச் சொல்லக் கோயில் இருந்தது: பெரிய வெள்ளிக்கு முந்தின கிழமை, நத்தார் பண்டிகைக்குப் பிறகு, திருவிழா முடிந்து. ஊரில் எல்லா வீட்டிலும் இப்படித்தான் எழுதினார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. இதோ, இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் ஒருவர் பெயரையும் எழுத எனக்குக் கை வரவில்லை. பழக்கதோஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பேணிக்குள் ஒரு கடிதம் மற்றவற்றைவிடச் சின்னது. கொப்பியில் கிழித்த அரைத் தாள். அது எனக்கு இன்றும் மனப்பாடம்.

“திருவிழா முடிஞ்சு மூண்டாம் நாள் அவை வந்து சின்னவனைக் கூட்டிக்கொண்டு போனவை. நாப்பது நாளுக்குப் பிறகு விட்டவை. சாப்பிடுறான். வலது கை மடங்குதில்லை. நீ யோசியாதை. செபமாலை சொல்லு.”

அது வந்து ஒன்றரை வருடத்தில் தம்பியே லண்டன் வந்து சேர்ந்தான். இருபத்து நாலு வயது. எங்களோடு இருந்துகொண்டு அகதி விண்ணப்பம் போட்டான். நல்ல பிள்ளை. இடது கையால் வெங்காயம் அரியப் பழகி என்னைவிட மெல்லிசாக அரிவான். ஆனால் அந்த நாற்பது நாளைப் பற்றி எங்களிடம் ஒரு சொல் பேசமாட்டான். கேட்டால் எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைப்பான். நான் வாயை மூடிக்கொள்ளப் பழகும்வரை எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எட்டுத் தேத்தண்ணி ஓடியது.

விண்ணப்பம் முதலில் நிராகரிக்கப்பட்டது. அவன் சொன்னதை நம்ப ஆதாரம் இல்லையாம். டாக்டர் கையைப் பார்த்து, இது எந்த விபத்திலும் வரக்கூடியது என்று எழுதிவிட்டார். மேன்முறையீட்டுக்குப் பக்கத்திலிருந்த பார்க்கிங் என்ற ஊரில் ஒரு சொலிசிட்டரைப் பிடித்தோம். அம்மாவின் கடிதத்தை மொழிபெயர்த்துக் கொடுத்ததும் அவர் வாசித்துவிட்டுக் கேட்டார்: இதை யார் எழுதியது? எப்போது? எந்த ஊரில்? சின்னவன் என்பது இவர்தான் என்று எப்படிக் காட்டுவது? அவர்கள் என்றால் எவர்கள்? இவரும் சனிக்கிழமை அந்த வகுப்புக்குப் போகிறாரோ என்று நினைத்தேன். தேதியும் பெயரும் ஆமி என்ற சொல்லும் இருந்திருந்தால் இது ஒன்றே போதும் என்று சொல்லித் தாளைத் திருப்பித் தந்தார். அம்மாவிடம் புதிதாக எழுதி வாங்கலாம் என்றால், சண்டையால் பாதை பூட்டி ஐந்து மாதம். ஒரு கடிதமும் இல்லை.

வகுப்பு மட்டும் தவறாமல் நடந்தது. ஒரு சனிக்கிழமை எகிப்திய அரசன் ஒருவனின் வெற்றிக்கல்லைத் திரையில் காட்டினார்கள். இஸ்ரவேல் என்ற பெயர் வேதப்புத்தகத்துக்கு வெளியே எழுத்தில் வருகிற மிகப் பழைய இடம் அதுதானாம். என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? அந்தச் சனம் அழிந்தது, வித்துக்கூட மிச்சமில்லை என்று. வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு சனத்தைப் பற்றிய முதல் ஆதாரம், அவர்களைக் கொன்றதாகப் பெருமை அடிக்கிறவனின் கல்லா என்று கொப்பியில் எழுதி வைத்தேன்.

பிறகு ஒருநாள் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார்கள். ஒருவரை அழைத்து வரலாம் என்றதால் தம்பியைக் கூட்டிப்போனேன். அசீரிய அரசனின் மாளிகைச் சுவரில் இருந்த சிற்பக் கற்கள். பிடிபட்ட யூத நகரத்திலிருந்து சனம் வெளியேறுகிறது. மாட்டு வண்டிலில் மூட்டைகள், மூட்டைகளுக்கு மேலே பெண்கள், பிள்ளைகள். வண்டிலுக்குப் பக்கத்தில் ஆண்கள் நடக்கிறார்கள். தம்பி கிட்டப் போய் வெகுநேரம் பார்த்தான்.

“அக்கா, இதைக் கொத்தினவன் எந்தப் பக்கத்து ஆள்?”

“சண்டையிலை வெண்ட ராசாவின்ரை ஆள்.”

“அப்ப, இவையின்ரை வீட்டிலை ஒரு படமும் இல்லை?”

“இல்லையாம். இவைதான் இந்தச் சனம் எண்டு காட்ட இந்தக் கல்லுத்தான் இருக்கு.”

“என்னையும் ஆமிக் காம்பிலை படம் எடுத்தவங்கள்,” என்றான். “முன்னாலை ஒண்டு, பக்கத்தாலை ஒண்டு. அங்கை ஒரு பைல் இருக்கும். தேதி, பேர் எல்லாம் வடிவா எழுதியிருப்பாங்கள்.”

அந்த நாற்பது நாளைப் பற்றி அவன் எனக்குச் சொன்னது அவ்வளவுதான். அவனைக் காப்பாற்றக்கூடிய தாள் அவனைப் பிடித்தவர்களின் இரும்பு அலுமாரிக்குள் இருந்தது. எங்களிடம் இருந்தது கொப்பியில் கிழித்த அரைத் தாள்.

விசாரணைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது அதைச் செய்தேன். மத்தியானம், இவர் வேலைக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். சமையலறை மேசையில் கடிதத்தை விரித்தேன். கிரீன் ஸ்ட்ரீட்டில் மூன்று விதமான நீலப் பேனா வாங்கி வைத்திருந்தேன். பழைய பேப்பர் ஒன்றில் எழுதிப் பார்த்து அம்மாவின் மைக்குக் கிட்ட வருகிறதைத் தெரிந்தெடுத்தேன். எனக்கு எழுதப் பழக்கியவர் அம்மா. ‘ண’வில் கடைசி வளைவைப் பெரிதாக இழுப்பதுகூட ஒரே மாதிரி. மேலே வலது மூலையில் ஊரின் பெயரையும் தேதியையும் போட்டேன். ‘அவை’ என்ற சொல்லுக்கு முன்னால் இருந்த சின்ன இடத்தில் ‘ஆமிக்காரர்’ என்று நுழைத்தேன். சின்னவனுக்கு மேலே அவன் பெயர்.

“இஞ்சேரும், என்ன செய்யிறீர்?” என்று வாசலில் நின்று இவர் கேட்டார்.

“ஒண்டுமில்லை. கடிதங்களை அடுக்கிறன்.”

தேதிதான் யோசிக்க வைத்தது. திருவிழா முடிந்து மூன்றாம் நாள். எங்கள் பக்கத்தில் திருவிழா என்றால் மடுமாதா கோயில் திருவிழா. பெரியது ஆவணியில், பதினைந்தாம் திகதி; நாங்கள் ஆகஸ்ட் மாதத்தைத்தான் ஆவணி என்போம். அதிலிருந்து விரல் மடித்து எண்ணிப் பதினெட்டு என்று எழுதினேன். தம்பி அறைக்குள்தான் இருந்தான். கேட்டிருக்கலாம். கேட்டால் எழும்பிப் போய்க் கேத்தலை வைப்பான் என்று விட்டுவிட்டேன். அவன் மனதைக் கிளறக்கூடாது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அவன் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் தைரியம் இல்லை. மறுநாள் சொலிசிட்டரிடம் கொடுத்தேன். இன்னொரு பிரதி கிடைத்தது என்று பொய் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. அவர் முதலில் பார்த்தது வெறும் மொழிபெயர்ப்புத்தான், மூலத்தை அவர் கண்டதில்லை.

விசாரணைக்கு முந்தின சனிக்கிழமை, அதாவது நாலு நாள் முன்னால், வகுப்பில் பழைய ஏட்டுப் பிரதிகளைப் பற்றிப் பாடம். பிரதி எடுக்கிறவர் மூலத்தில் ஓர் இடம் விளங்காமல் இருக்கக் கண்டால், வாசிக்கிறவர் கஷ்டப்படக்கூடாது என்று ஓரத்தில் ஒரு பெயரை எழுதி வைப்பாராம். அடுத்தவர் அதையும் சேர்த்து எழுதிவிடுவார். எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒருவர் கேட்டார். பெரும்பாலும் அந்தச் சொல் மற்றவற்றோடு ஒத்துவராது, தேவைக்கு அதிகமாகத் தெளிவாக இருக்கும் என்றார் ஆசிரியை. ஒன்றைச் சேர்த்தது தெரிந்துவிட்டால் மிச்சம் எதை நம்புவது என்ற கேள்வியும் வந்துவிடும் என்றார்.

திங்கட்கிழமை சொலிசிட்டருக்கு அடிக்கப் போனை எடுத்தேன். மணி அடித்தது, ஒரு பெண் குரல் வந்தது. நான் வைத்துவிட்டேன். அவமானம். அவருக்கு முன்னால் நான் கள்ளியாக நிற்க வேண்டும். தவிர, தேதி சரியாகத்தானே இருக்கும், யாருக்குத் தெரியப் போகிறது என்ற நப்பாசை. அந்த ஒரு போனை எடுத்துப் பேசியிருந்தால் கடிதத்தை விட்டுவிட்டு அவன் வாயால் சொன்னதை மட்டும் வைத்துப் பேசியிருப்பார். இதை நான் பிறகு அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

விசாரணை ஒரு சின்ன அறையில். மொழிபெயர்க்கச் சென்னைப் பக்கத்து அம்மா ஒருவர் வந்திருந்தார். தம்பி எழுந்து நின்று சொன்னான். எந்த நாள் பிடித்தார்கள் என்று கேட்டார்கள். அவன் யோசிக்கவே இல்லை.

“ஆடித் திருவிழா முடிஞ்சு மூண்டாம் நாள். ஆடி அஞ்சு.”

மடுவில் ஆடியிலும், அதாவது ஜூலையிலும், ஒரு திருவிழா உண்டு. இரண்டாம் திகதி. எனக்குப் பிறகு எட்டு வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை என்று அம்மா அவனுக்காக வைத்த நேர்த்தி அந்த ஆடித் திருவிழாவுக்குத்தான். ஒவ்வோர் ஆடியும் அவனைக் கூட்டிக்கொண்டு போவார். அம்மாவின் வாயில் திருவிழா என்றால் அது ஒன்றுதான். பெற்ற தாய் எதைத் திருவிழா என்பார் என்பதை நான் லண்டனில் இருந்து மறந்துவிட்டேன்.

அரசாங்கத் தரப்பில் வந்தவர் எங்கள் தாளைப் புரட்டினார். தாயாரின் கடிதத்தில் ஆவணி பதினெட்டு என்று இருக்கிறதே என்றார். மூலக் கடிதத்தைக் கேட்டு வாங்கினார். போட்டோ பிரதியில் எல்லா மையும் கறுப்பு. கையில் எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பியதும் அம்மாவின் மை மங்கலாகவும் என்னுடையது பளபளப்பாகவும் தெரிந்திருக்க வேண்டும். நீதிபதியும் வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

“இத நீங்க எழுதினீங்களான்னு கேக்கறார்மா,” என்றார் அந்தச் சென்னை அம்மா.

“ஓம். நான்தான்.”

“வேற எதெல்லாம் எழுதினீங்கன்னு கேக்கறார்.”

மூன்று இடத்தையும் காட்டினேன். மற்றதெல்லாம் அம்மா எழுதியது, சத்தியமாக அம்மா எழுதியது என்று சொன்னேன். அவர் அதையும் ஆங்கிலத்தில் சொன்னார். நீதிபதி தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். என் பக்கம் பிறகு பார்க்கவில்லை.

வெளியே பஸ் நிறுத்தத்தில் நின்றோம்.

“என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே அக்கா.”

“கேட்டா நீ எழும்பிப் போயிடுவாய் எண்டு...”

“ஓம்,” என்றான். “போயிருப்பன்.” பிறகு, “பஸ் வருது,” என்றான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவன் எடுக்கவே இல்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

சில கிழமையில் தீர்ப்பு வந்தது. கடிதத்தை ஏற்க முடியாது, அப்படி ஒரு கடிதத்தைக் கொண்டு வந்த குடும்பத்தின் மற்றச் சாட்சியத்திலும் நம்பிக்கை வைக்க முடியாது என்பது சாரம். எப்படியும் தோற்றிருக்கலாம் என்று சொலிசிட்டர் சொன்னார். நல்ல மனுஷன். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

கடைசி வகுப்புக்குப் போய் ஆசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ப் பங்குச் சுவாமியிடம் சொல்லியிருக்க வேண்டியது. ஆசிரியை மூக்கைத் துடைத்துக்கொண்டு, நீங்கள் கை வைக்க முதல் அதில் என்ன இருந்தது என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். பெயரை எழுதப் பயந்த ஒரு தாய் எழுதியது என்பது அதில் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறதே, அதையே நீதிபதிக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம் என்றார். எனக்குக் கோபம் வந்தது. இதை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா என்று கத்தினேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் நினைவு வந்தது: முதல் நாளே சொன்னார். நம்பவும் கூடாது, எறியவும் கூடாது என்று. நான் பாதியைத்தான் கேட்டிருக்கிறேன்.

குடிவரவு அலுவலகத்தில் வழக்கம்போலக் கையெழுத்துப் போடப் போன இடத்தில் தம்பியைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். நாலாம் நாள் திருப்பி அனுப்பும் விமானம். உடுப்புப் பையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குளிர்ச் சட்டையையும் வைத்திருந்தேன். அவன் அதை எடுத்துத் திருப்பித் தந்தான்.

“அங்கை வெயில் அக்கா. அத்தானுக்குக் குடுங்கோ. அளவாத்தான் இருக்கும்.”

கொழும்பிலிருந்து ஒரு போன் வந்தது. ஊருக்குப் போறன், அம்மாவைப் பாக்கவேணும் என்றான். பிறகு ஒரு வருடம் ஒரு தகவலும் இல்லை. பங்குச் சுவாமி ஒருவர் மூலம், லண்டன் ஹரோவில் இருந்த அவருடைய சொந்தக்காரர் கைக்கு அம்மாவின் கடிதம் ஒன்று வந்து சேர்ந்தது. வாங்கிக்கொண்டு திரும்பும்போது, மெட்ரோபொலிட்டன் லைன் ரயிலில் இருந்துகொண்டே பிரித்தேன்.

வலது மூலையில் ஊரின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே தேதி. என்னை மூத்தவள் என்று எழுதவில்லை, பெயர் சொல்லி எழுதியிருந்தார். தம்பியின் முழுப்பெயர், ஞானஸ்நானப் பெயர், தகப்பன் பெயர், வயது எல்லாம் இருந்தது. ஆமிக்காரர் என்று இருந்தது. காலமை ஏழரை மணி, சந்தைக்குப் போற வழி, ரண்டு வெடி என்று இருந்தது. கோயில் சேமக்காலையில் தகப்பனுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்ததாகவும் இருந்தது. கீழே அம்மா தன் முழுப்பெயரால் கையெழுத்துப் போட்டிருந்தார். அத்தனை வருடத்தில் அம்மா ஒளிக்காமல் எழுதிய முதல் கடிதம் அது. ஒளித்து வைக்க வீட்டில் இனி ஆள் இல்லை.

விசாரணையில் நடந்ததைத் தம்பி அம்மாவிடம் சொன்னானா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டு எழுதவும் இல்லை. நடந்த நாளை அம்மா எழுதியிருந்தார், ஆடித் திருவிழா முடிஞ்சு ஒன்பதாம் நாள் என்று. ஆடி என்ற சொல்லுக்குக் கீழே ஒரு கோடு போட்டிருந்தார்.